நூலில் கட்டிய பேனா

இருபத்திரண்டு வருஷமாக என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் விடாப்பிடியாக "கம்ப்யூட்டர்ல என்ன?" என்று கேட்டுவிட்டால்தான் வம்பு. நான் விளக்க ஆரம்பிப்பேன். ரசம் வருவதற்குள் அவர் அடுத்த பக்கம் திரும்பி யாரோ ஒருவருடைய சர்க்கரை அளவை விசாரித்துக்கொண்டிருப்பார்.

இங்கே நீங்கள் திரும்ப முடியாது என்பதால் சொல்லிவிடுகிறேன். இப்போதெல்லாம் ஒரு கம்ப்யூட்டருக்குள் ஒரு மூளை இல்லை. நாலு, எட்டு, பதினாறு என்று புராசஸர்கள் உட்கார்ந்திருக்கின்றன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரே நினைவகம். அது கொஞ்சம் தள்ளி இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் அதுவரை போய்ப் படித்துவிட்டு வந்தால் வேலை ஓடாது என்று, ஒவ்வொன்றும் தனக்கு வேண்டியதை நகலெடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ஒருவர் போய்ப் பொது நினைவகத்தில் எதையோ மாற்றுவார். மற்றவர்கள் கையில் இருப்பது பழைய நகல். பழசு என்று அதன் நெற்றியில் எழுதியிருக்காது. பார்க்கப் புதுசு மாதிரியே இருக்கும். அதனால் மாற்றுகிறவர் மற்ற எல்லாருக்கும், "உங்கள் நகல் இனி செல்லாது" என்று தகவல் அனுப்ப வேண்டும். அவர்கள் ஒவ்வொருவரும், "சரி, கிழித்துப் போட்டுவிட்டேன்" என்று பதில் சொல்ல வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு பேர் மாற்றிவிடாமல் இருக்க ஒரு பூட்டு உண்டு. இந்தத் தகவலும் பதிலும் பூட்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பதற்காக எனக்கு ஒரு சுழல் நாற்காலியும் நிரந்தர முதுகுவலியும் கொடுத்திருக்கிறார்கள்.

மிச்ச நேரத்தில் பத்திரிகைகளுக்கு நகைச்சுவைக் கட்டுரை எழுதுவேன். வெளியானதும் குடும்ப குரூப்பில் போடுவேன். ஒரு நிமிஷத்துக்குள் அக்காவிடமிருந்தும் தம்பியிடமிருந்தும் கட்டைவிரல் வந்துவிடும். நாலு பக்கக் கட்டுரையை ஒரு நிமிஷத்தில் படிக்கும் வாசகர்கள் எந்த எழுத்தாளனுக்குக் கிடைப்பார்கள்?

அப்பா மந்தைவெளியில் இருக்கிறார். அம்மா போன பிறகு அவரை யார் வீட்டுக்கும் கூட்டிக்கொண்டு போக முடியவில்லை. அக்கா தி.நகரில் பள்ளி ஆசிரியை. ரங்கநாதன் தெருக் கூட்டத்தையே ஒரு பார்வையில் வரிசையில் நிற்கவைத்துவிடுவாள். தம்பி அடையாறில் வக்கீல். நான் வேளச்சேரி, மழைக்காலத்தில் தீவு. மூன்று பேரும் முறை வைத்து வந்து போனோம். பகலில் அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா இருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள். அப்பாவுக்கு அவரைப் பிடித்திருந்தது, காரணம் அவர் ஒருவர்தான் அப்பாவை எதிர்த்துப் பேசினார். "இன்னா நைனா, இட்லி ரெண்டே ரெண்டு துன்னுட்டு ரயிலு ஓட்டப் போறியா?" என்பார். அப்பா மூன்றாவது இட்லியைத் தின்பார்.

அப்பாவுக்கு ஒரு நாளைக்குப் பதினோரு மாத்திரை. அதில் ஒன்று, ரத்தம் உறையாமல் இருப்பதற்கானது. அது கொஞ்சம் குறைந்தால் உறையும், கொஞ்சம் கூடினால் கசியும். ரத்தப் பரிசோதனையைப் பார்த்து டாக்டர் அடிக்கடி அதைக் கூட்டிக் குறைப்பார். எங்கள் மூன்று பேரிடமும் மூன்று பட்டியல்கள் இருந்தன. ஒரு தடவை பிரஷர் மாத்திரையைக் காலையில் அக்காவும் கொடுத்து, அரை மணி கழித்துத் தம்பியும் கொடுத்து, அப்பா சாயங்காலம் வரை சோபாவில் கிறங்கிக் கிடந்தார்.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் முறையாக என் படிப்புக்கு வீட்டில் ஒரு வேலை. உடனே சட்டம் போட்டேன். இனிமேல் ஒரே நோட்டு, ஃப்ரிஜ் மேலே. ஃப்ரிஜ் கைப்பிடியில் நூல் கட்டி ஒரே சிவப்புப் பேனா. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர்தான் எழுதலாம். எழுதி முடித்ததும் குரூப்பில் "நோட்டு மாறியது" என்று போட வேண்டும். மற்ற இருவரும் கட்டைவிரல் போட வேண்டும். கட்டைவிரல் போட்டால், "என்னிடம் உள்ள பழைய பட்டியலை அழித்துவிட்டேன், இனி நோட்டைத்தான் பார்ப்பேன்" என்று அர்த்தம்.

"ஏன்டா, அப்பாவுக்கு மாத்திரை குடுக்கப் போறோமா, ராக்கெட் விடப் போறோமா?" என்றான் தம்பி.

அப்பா தொங்கும் பேனாவைப் பார்த்தார். "பேனாவை எதுக்குடா தூக்குல போட்டிருக்க?"

"ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதிடக் கூடாதுல்லப்பா. அதுக்கு."

"சிங்கிள் லைன் டோக்கன்னு சொல்லு." அப்பா ரிட்டையர்டு ஸ்டேஷன் மாஸ்டர். ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே இரண்டு வண்டி வந்துவிடாமல் இருக்க, ஒரு இரும்பு உருண்டையைத் தோல் பையில் போட்டு, வளையத்தில் மாட்டி, ஓடும் வண்டியின் டிரைவரிடம் நீட்டியவர். உருண்டை கையில் இருக்கிறவனுக்குத்தான் தண்டவாளம். "இதுக்கா அவன் உனக்கு இத்தனை வருஷமா சம்பளம் குடுக்கறான்?"

"டோக்கன் இல்லாம யாராவது வண்டியை எடுத்துட்டா என்னப்பா பண்ணுவீங்க?"

"நாம ஒண்ணும் பண்ண வேணாம். எதிர்ல வர்றவன் பண்ணுவான்."

நாலு மாசம் என் திட்டம் பிரமாதமாக ஓடியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒருவர் வந்து ஏழு நாள் டப்பாவை நிரப்புவோம். திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்ட பிளாஸ்டிக் டப்பா. அந்த அம்மா அன்றன்றைக்கு உள்ள கட்டத்தைத் திறந்து கொடுப்பார். நான் ஆபீஸில் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டேன். இரண்டு ஜூனியர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அக்கா அப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போனாள். ரத்தம் ரொம்பவே நீர்த்திருக்கிறது என்று டாக்டர் அந்த மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, திங்கட்கிழமையிலிருந்து அரை மாத்திரை ஆக்கினார். அக்கா வீட்டுக்கு வந்து சனி, ஞாயிறு கட்டங்களிலிருந்து அதை எடுத்துவிட்டு, நோட்டில் சிவப்பு மையால் எழுதி, இரண்டு கோடு போட்டு, குரூப்பில் "நோட்டு மாறியது" என்று அனுப்பினாள். சட்டப்படி எல்லாம் சரி.

நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். அக்கா அன்று காலையிலிருந்து ஒரு அபிஷேகப் படம், பூண்டின் மகிமை, யாரோ ஒரு சின்னப் பெண் பாடும் வீடியோ, மறுபடி ஒரு அபிஷேகப் படம் எல்லாம் அனுப்பியிருந்தாள். எதற்கும் நான் பதில் போடவில்லை என்றால் ராத்திரி போன் வரும். அதனால் விரலை வைத்து மேலிருந்து கீழே வரிசையாகக் கட்டைவிரல் போட்டுக்கொண்டே வந்தேன். பூண்டுக்கு ஒன்று. அபிஷேகத்துக்கு ஒன்று. நோட்டுக்கு ஒன்று.

அந்த ஞாயிறு டப்பா நிரப்புவது என் முறை. மந்தைவெளிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் படிக்கும் கண்ணாடியை வேளச்சேரியிலேயே வைத்துவிட்டு வந்தது தெரிந்தது. அக்காவின் கையெழுத்து எறும்பு. கண்ணாடி இல்லாமல் அது எனக்கு ஒரு சிவப்புக் கறை. ஆனால் என் போனில் நோட்டின் பழைய படம் ஒன்று இருந்தது. என் சட்டப்படி அதை அழித்திருக்க வேண்டும். வைத்திருந்தேன், ஒரு அவசரத்துக்கு. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினால் ஒவ்வொரு எழுத்தும் பூசணிக்காய் அளவுக்குத் தெரிந்தது. இவ்வளவு வசதி இருக்கும்போது எதற்கு நோட்டு?

அப்பா எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாத்திரை இனிமே அரைடா."

"எதுப்பா?"

"ரத்தத்துக்குக் குடுக்கறது. டாக்டர் பாதியாக்கிட்டார்."

"லிஸ்ட்ல முழுசுன்னுதான் இருக்கு."

"எந்த லிஸ்ட்ல?"

போனைக் காட்டினேன். அவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "அது படம். நோட்டைப் பாருடா."

நோட்டு மூன்றடி தூரத்தில் இருந்தது. அன்று காலை அப்பா, காபி குடித்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டிருந்தார். என்னைத் தம்பி பேர் சொல்லி ஒருமுறை கூப்பிட்டிருந்தார். எண்பத்து மூன்று வயது. எனக்குள் இருந்த நிபுணர், இந்தத் தகவலை நம்ப வேண்டியதில்லை என்று முடிவு செய்தார். வயசானவர்களிடம் பேசுவதற்கென்று நாம் எல்லாரும் ஒரு குரல் வைத்திருக்கிறோமே, அந்தக் குரலில், "சரிப்பா, நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நீ பாக்கலையேடா" என்றார். பேப்பரைப் பிரித்துக்கொண்டார். நான் ஏழு கட்டத்திலும் முழு மாத்திரை போட்டேன். நேரமாகிவிட்டது என்று நோட்டில் என் பெயரைக்கூட எழுதாமல் கிளம்பினேன். யோசித்துப் பார்த்தால், தொழிலில் நான் இத்தனை வருஷம் துரத்திய அத்தனை பிழைகளையும் முக்கால் மணி நேரத்தில் ஒரே ஆளாகச் செய்து முடித்திருக்கிறேன்.

வியாழக்கிழமை காலை, மாத்திரை கொடுத்த கொஞ்ச நேரத்தில், அந்த அம்மாதான் போன் செய்தார். "சார், நைனா வாயி கோணிக்கினு கீது. இன்னாவோ சொல்ல வர்றாரு, சொல்ல முடியல. தம்பிக்குப் போன் அடிச்சேன், எடுக்கல. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு சார்." எங்கள் மூன்று பேருக்கும் முன்னால் அவர்தான் அங்கே இருந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். ரத்தம் உறையவே இல்லை, மாத்திரை என்ன அளவில் கொடுத்தீர்கள் என்று கேட்டார்கள். அக்கா, "அரை" என்றாள். நான், நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறேன், அதுவரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. "முழுசு" என்று திருத்த வாயைத் திறந்தேன். அக்கா சொன்ன "அரை" அப்போதுதான் உள்ளே போய்ச் சேர்ந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலை, அப்பாவின் பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்து வர என்னை அனுப்பினார்கள். வீட்டில் யாரும் இல்லை. இந்தத் தடவை கண்ணாடி இருந்தது. நோட்டை எடுத்துப் படித்தேன். "சனி, ஞாயிறு வேண்டாம். திங்கள் முதல் அரை." இரண்டு கோடு. டப்பாவைத் திறந்தேன். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று கட்டத்திலும் என் முழு மாத்திரைகள் உருண்டையாக உட்கார்ந்திருந்தன.

அடுத்து செய்ததை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றிக்கொண்டிருக்கிறேன். டிராயரிலிருந்து கத்தியை எடுத்தேன். மூன்றையும் பாதியாக நறுக்கினேன். கட்டத்துக்கு ஒரு பாதி வைத்தேன். மிச்ச மூன்று பாதிகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். கத்தியைக் கழுவித் துடைத்து வைத்தேன். நேர்த்தியாக நறுக்கினேன். அந்தப் பாதிகள் பையிலேயே கிடந்து, அடுத்த வாரம் துணி துவைத்ததில் கரைந்துவிட்டன. சட்டையில் கறைகூட இல்லை.

சனிக்கிழமை ஃப்ரிஜ் முன்னால் விசாரணை நடந்தது. அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். தம்பி டப்பாவைத் திறந்து அந்த அம்மாவிடம் காட்டினான். கோர்ட்டுக் குரல்.

"நீங்க என்னம்மா குடுத்தீங்க?"

"டப்பாவுல இருந்ததுதான் சார் குட்த்தேன். முழுசாத்தான் கீந்துச்சு."

"இங்க பாருங்க. மூணும் அரை. இந்த மூணு நாளைக்கு மட்டும் அரையும், மத்த நாளைக்கு முழுசுமா எங்கண்ணன் வச்சிருப்பாரா?"

அவர் டப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். "உங்க அண்ணன் இங்கதானே நிக்கறாரு. அவரையே கேளு சார்."

"அவனை என்ன கேக்கறது? அவன் அன்னைக்கே தம்ஸ் அப் போட்டிருக்கான், இதோ" என்று அக்கா தன் போனை நீட்டினாள். பூண்டுக்கும் அபிஷேகத்துக்கும் கீழே என் கட்டைவிரல், மஞ்சளாக, சாட்சியாக நின்றது. "அரையைப் பாத்துட்டு, குறையுதேன்னு மாத்திரை அட்டையிலேர்ந்து இன்னொரு அரையை உடைச்சுக் குடுத்திருக்கே. வேற எப்படி ஆகும்? பழக்க தோஷம்."

"தோஷமும் இல்ல, இன்னொண்ணும் இல்லம்மா. நான் எதுக்கு அட்டையத் தொடப் போறேன்?"

அட்டையில் எத்தனை மாத்திரை மிச்சம் என்று எண்ணியிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். இந்த மாதிரிப் பிழைகளைப் பிடிப்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய் வகுப்பு எடுத்தவன் நான். எண்ணச் சொல்லவில்லை. அதற்குப் பதில் தொண்டையைச் செருமிக்கொண்டு, "யார் மேலயும் பழி போடறதுல அர்த்தம் இல்ல. நம்ம சிஸ்டத்துல எங்கயோ ஒரு ஓட்டை இருக்கு" என்றேன். ஆபீஸில் இதற்கு நல்ல மரியாதை உண்டு.

"ஓட்டை இன்னா சார் ஓட்டை. அது உன் மூக்குக்குக் கீழ கீது. அதைத் தொறந்து சொல்லு" என்றார் அந்த அம்மா.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஃப்ரிஜைப் பார்த்தேன். பேனா நூலில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் சாப்பாட்டுத் தூக்கையும் மாற்றுப் புடவை வைத்திருந்த கட்டைப்பையையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று, "நைனா கண்ணு தொறந்தா நான் கேட்டேன்னு சொல்லு" என்றார். அதே தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் சாயங்கால நேரம் வயசானவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா இரண்டு வீட்டுக்கும் போன் செய்து எச்சரித்தாள். நல்ல எண்ணத்தில்தான். தகவல் போக வேண்டிய எல்லாருக்கும் போய்ச் சேர்ந்தது.

அப்பா ஐந்து வாரம் கழித்து வீட்டுக்கு வந்தார். வலது கையும் பேச்சும் வரவில்லை. புரிகிறது என்கிறார்கள் டாக்டர்கள். அது எனக்கு அவர்களைவிட நன்றாகத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை நான் டப்பாவை எடுத்தால் அப்பாவின் கண் டப்பாவுக்குப் போகும், நோட்டுக்குப் போகும், பிறகு என் முகத்துக்கு வந்து அங்கேயே இருக்கும். அக்காவும் தம்பியும் நிரப்பும்போது அவர் அப்படிப் பார்ப்பதில்லையாம். "உன் மேல அப்பாவுக்குத் தனிப் பாசம்டா" என்றாள் அக்கா.

ஒரு ஞாயிறு, மந்தைவெளி மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனேன். சங்கராவைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தால், தட்டுக்குப் பின்னால் அந்த அம்மா. அண்ணியின் கடையில் மீன் கழுவிக் கொடுக்கிறாராம்.

"நைனா எப்டி கீறாரு?"

"வீட்டுக்கு வந்துட்டார். பேச்சு மட்டும் வரலை."

அவர் செதில் ஒட்டியிருந்த கையைத் தண்ணீரில் அலசினார். "உனுக்கு வருதுல்ல?"

மீன் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டை இறக்கி, பேனாவைப் பிடித்தேன். நூல் குட்டை, குனிந்துதான் எழுத வேண்டும். எழுதினேன்: "அந்த வாரம் டப்பாவில் முழு மாத்திரை வைத்தது நான். அப்பா என்னிடம் சொன்னார். நான் நோட்டைப் பார்க்கவில்லை. மிச்சம் இருந்த மூன்றைப் பிறகு நறுக்கி அரையாக்கியதும் நான். அந்த அம்மா சொன்னது நிஜம்."

அப்பாவிடம் கொண்டுபோய்ப் பிடித்தேன். இடது கையால் நோட்டை வாங்கி, மடியில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முடித்துவிட்டு முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கவனமான வாசகர். நோட்டைத் திருப்பிக் கொடுக்கவில்லை, நான்தான் எடுத்தேன்.

குரூப்பில் "நோட்டு மாறியது" என்று அனுப்பினேன். ஒரு நிமிஷத்துக்குள் அக்காவின் கட்டைவிரல் வந்தது. அதன் கீழே தம்பியுடையது.

அதற்குப் பிறகு இரண்டு ஞாயிறு போய்விட்டன. இரண்டு பேரும் அவரவர் முறைக்கு வந்து டப்பாவை நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்கள். நோட்டில் நான் எழுதிய பக்கம் யாரும் படிக்காமல் அப்படியே இருக்கிறது. மருந்தில் மாற்றம் எதுவும் இல்லாததால் யாருக்கும் நோட்டைத் திறக்க வேண்டிய தேவை வரவில்லை. போனில் படம் வைத்திருக்கிறார்களாம், அது வசதியாக இருக்கிறதாம். கூப்பிட்டுச் சொல்லலாம். தெருவில் அந்த இரண்டு வீட்டு மணியையும் அடித்துச் சொல்லலாம். நான் போட்ட சட்டப்படி தகவல் போய்விட்டது, பதிலும் வந்துவிட்டது என்று சொல்லிக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை வெளியானதும் குரூப்பில் போடுவேன். அதற்கும் கட்டைவிரல் வரும்.

மீனை இப்போது வேளச்சேரியிலேயே வாங்கிக்கொள்கிறேன்.